மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள்

சதுரங்கப் பலகைக் கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போய் ராஜாவின் களஞ்சியம் காலியாகிற கதை. அந்தப் பலகையில் 64 கட்டங்களுக்குப் பதிலாக 67 கட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நெல்மணிகள் இவ்வளவு:

147573952589676412927

21 இலக்கங்கள். நம் வாய்க்கணக்கில் சுமார் 14 லட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. 67 இரண்டுகளை வரிசையாக வைத்துப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் எண் இது.

இப்போது ஒரு சின்னக் கேள்வி. இத்தனை நெல்மணிகளையும், ஒன்றுகூட மிஞ்சாமல், சம நீளமுள்ள பல வரிசைகளாக அடுக்க முடியுமா? முடிந்தால் அது பகு எண். எப்படி அடுக்கினாலும் மிச்சம் விழும் என்றால் பகா எண். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடக் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் ஒருவர் பதில் சொன்னதிலிருந்து இன்னொருவர் அதைப் பலகையில் எழுதிக் காட்டியது வரை 259 வருடங்கள் ஆயின.

இந்த எண் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் கணிதம் மட்டும் இல்லை. என் அப்பா ஒரு கோடைகாலத்தில் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தார். அது சரியா தப்பா என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. இந்த எண்ணின் கதையைப் படித்த பிறகுதான் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்றாவது தெரிந்தது.

*

1644-இல் மாரின் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி தன் புத்தகம் ஒன்றின் முன்னுரையில் ஒரு பட்டியல் கொடுத்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இத்தனை இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் பகா எண் வரும், 257 வரைக்கும் வேறு எதற்கும் வராது என்றார். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் 21 இலக்க எண் ஒன்றைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. ஆனால் மெர்சென் சாதாரண ஆள் கிடையாது. தெகார்த்தும் ஃபெர்மாவும் அவரோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்கள். யார் என்ன கண்டுபிடித்தார்கள் என்ற செய்தி அவர் வழியாகத்தான் ஐரோப்பாவில் பரவியது. பெரிய மனிதர் சொல்லிவிட்டார். பட்டியல் நின்றது.

அதில் ஐந்து தப்புகள் இருந்தன. 67-ம் 257-ம் உள்ளே வந்திருக்கக் கூடாது. 61, 89, 107 மூன்றும் விடுபட்டிருக்கக் கூடாது. எல்லாம் தெரியவர முந்நூறு வருடம் ஆயிற்று.

67-இல் கை வைத்தவர் எதுவார் லூக்கா. 1876-இல் அவர் நம் எண் பகா எண் இல்லை என்று காட்டினார். அதாவது, நெல்மணிகளை மிச்சமில்லாமல் அடுக்க முடியும். ஆனால் எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை நெல்? அது அவருக்கும் தெரியாது.

இந்த இடத்தில் நான் முதல் தடவை படித்தபோது தடுக்கி நின்றேன். பகு எண் என்று தெரியும், காரணி தெரியாது. அது எப்படி? திருடன் வந்தான் என்று தெரியும், எந்தக் கதவு வழியாக என்று தெரியாது என்பதைப் போலவா? அதைவிட விசித்திரமானது. ஒரு சின்ன எண்ணை வைத்துப் பார்க்கலாம்.

11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. இது பகா எண்ணா? லூக்காவின் முறையைப் பிற்காலத்தில் டி.எச். லேமர் எளிமைப்படுத்திய வடிவம் இது. 4-இல் ஆரம்பியுங்கள். அதன் வர்க்கத்தை எடுத்து 2-ஐக் கழியுங்கள். வருவதை 2047-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதிக்கும் இதையே செய்யுங்கள். மொத்தம் ஒன்பது தடவை. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண். வராவிட்டால் இல்லை. நான் ஒரு மதியம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்:

4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736.

பூஜ்யம் வரவில்லை. ஆகவே 2047 பகு எண். உண்மையில் அது 23 பெருக்கல் 89. ஆனால் மேலே இருக்கும் வரிசையில் எங்கேயாவது 23-ஐயோ 89-ஐயோ பார்த்தீர்களா? அவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காரணியைத் தொடாமலே, காரணி இருக்கிறது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிடலாம். இது ஊகம் இல்லை. முழு நிரூபணம்.

தத்துவக்காரர்கள் இங்கே வழக்கமாகக் கேட்கும் கேள்வி, 1876-இல் அந்தக் காரணிகள் எங்கே இருந்தன என்பது. எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு ஆர்வம் இல்லை. இருந்தன, அவ்வளவுதான். எனக்குள்ள கேள்வி வேறு. ஒன்று இருக்கிறது என்று தெரிந்தும் அதை எடுத்துக் காட்ட முடியாத நிலையில் நிற்கும் ஒருவர், அந்த இடைவெளியில் என்ன செய்ய வேண்டும்?

*

அப்பா மதுரையில் ஒரு மொத்தப் பருப்புக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அன்றன்றைய வரவு செலவைச் சிட்டையில் எழுதுவார்கள். சிட்டையிலிருந்து ஒவ்வொரு கடைக்காரர் பெயரிலும் பேரேட்டில் பதிவது அப்பா வேலை. அப்பா மட்டும்தான் பதிவார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று முதலாளிக்குப் பெருமை.

1997 ஏப்ரலில் வருடக் கணக்கு முடித்தபோது 2,700 ரூபாய் உதைத்தது. கடைக்காரர்கள் கொடுத்ததாகப் பேரேட்டில் வரவு வைத்த மொத்தம், கல்லாவுக்கு வந்த பணத்தைவிட 2,700 அதிகம். வசூலுக்குப் போய்வந்தது ஒரு அண்ணன். என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார். கடைக்காரர்களிடம் முழுசாக வாங்கிக்கொண்டு கல்லாவில் குறைத்துக் கட்டியிருக்கிறார் என்று ஆகிவிட்டது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து வசூல் பையை அவர் கையில் கொடுக்கும்போது கூட ஒரு ஆளும் போனார்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அப்பா பேரேடுகளையும் சிட்டைகளையும் வீட்டுக்குத் தூக்கிவந்துவிட்டார். எனக்குப் பதினோரு வயது. சிட்டையை நான் படிக்க, பேரேட்டில் அவர் சரிபார்ப்பார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்.

“ரெண்டாயிரத்து எழுநூறு ஒம்போதால வகுபடுது பாத்தியா? பக்கத்துப் பக்கத்து இலக்கம் ரெண்டு மாறி விழுந்துச்சுன்னா வித்தியாசம் எப்பவும் ஒம்போதால வகுபடும். அதுலயும் இது எழுநூறோட நிக்குது. அப்ப மாறினது ஆயிரமும் நூறும். ரெண்டுக்கும் மூணு வித்தியாசம் இருக்கணும். அந்த மாதிரி உள்ள தொகைய மட்டும் படி தம்பி.”

நான் படித்தேன். அந்த வருடம் முழுக்க நூற்றுக்கணக்கான பதிவுகள். ஏழாவது ஞாயிறு மதியம் கிடைத்தது. சிட்டையில் 24,750. பேரேட்டில் அப்பாவின் அச்சுக் கையெழுத்தில் 27,450.

அதற்குள் அந்த அண்ணன் வேலையை விட்டு நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதும், மறுநாளிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமை அப்பா பக்கத்தைத் திறந்து காட்டியபோது முதலாளி சிரித்தாராம். “அட, இவ்வளவுதானா!” அப்பா சாயங்காலம் அந்த அண்ணன் வீட்டுக்குப் போனார். திருப்பூர் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

*

ஃபிராங்க் நெல்சன் கோல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1903 அக்டோபர் 31 அன்று அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் பெரிய எண்களின் காரணிகள் பற்றி ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். அன்று நடந்ததாக இ.டி. பெல் எழுதியது கணிதக்காரர்களிடையே பிரபலம். கோல் எழுந்துபோனார். பலகையில் இரண்டின் அடுக்கை 67 வரை கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். பலகையின் வெற்றிடத்துக்கு நகர்ந்து

193707721 × 761838257287

என்று எழுதி, கையாலேயே பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. ஒரு வார்த்தை பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார். சபை கைதட்டியது. எவ்வளவு நாள் ஆயிற்று என்று பிற்பாடு பெல் கேட்டதற்கு, மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். பெல் கதையைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்பவர் என்று பெயரெடுத்தவர். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. பெருக்கல் உண்மை.

கோலும் குருட்டாம்போக்கில் வகுத்துக்கொண்டிருக்கவில்லை. நம் எண்ணுக்குக் காரணி இருந்தால், அதை 134-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும். 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 வர வேண்டும். இதெல்லாம் முன்பே தெரிந்தது. இதற்கு மேல் வர்க்கங்களின் மீதிகளை வைத்துச் சல்லடைக்கு மேல் சல்லடையாகப் போட்டுச் சலித்தார். 134-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் எண்களை 135, 269 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போனால், அவர் கண்டுபிடித்த சிறிய காரணி 14,45,580-ஆவதாக வரும். ஆயிரத்துக்கும் நூறுக்கும் மூன்று வித்தியாசம் உள்ள தொகையை மட்டும் படி தம்பி என்பதும் இதே மாதிரி ஒரு சல்லடைதான். இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் குரல் கேட்டது.

கோல் கொடுத்ததற்கும் லூக்கா கொடுத்ததற்கும் வித்தியாசம் உண்மையில் இல்லை. இரண்டும் உண்மை. வித்தியாசம், கேட்பவர் யாரை நம்ப வேண்டியிருக்கிறது என்பதில். மெர்சென் சொன்னதை ஏற்க மெர்செனை நம்ப வேண்டும். லூக்கா சொன்னதை ஏற்க அவருடைய தேற்றத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், அவர் நீளக் கணக்கில் எங்கும் வழுக்கவில்லை என்றும் நம்ப வேண்டும். கோல் எழுதியதை ஏற்க யாரையும் நம்ப வேண்டாம். பெருக்கத் தெரிந்தால் போதும். அவர் பேசாமல் உட்கார்ந்தது அடக்கத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பேச எதுவும் மிச்சமில்லை.

ரொம்ப நாள் நான் அப்பாவை இந்த வரிசையில்தான் வைத்திருந்தேன். வாயால் சொல்லாமல் பக்கத்தைத் திறந்து காட்டிய மனிதர். சொந்தத் தப்பைத் தானே தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஒருநாள் ஒன்று உறைத்தது. பேரேட்டில் பதிவது அப்பா மட்டும்தான். முதல் ஞாயிறே ஒன்பதால் வகுபடுவதை எனக்கு விளக்கினார். அப்படியென்றால் அன்றைக்கே அவருக்குத் தெரியும், தப்பு அநேகமாகத் தன் கையில்தான் என்று. அதற்குப் பிறகு ஏழு வாரம். நாலாவது வாரத்தில் அந்த அண்ணன் நின்றார்.

*

அப்பாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பதால் வகுபடுவது நிரூபணம் இல்லை. எந்தத் தொகையும் தற்செயலாக ஒன்பதால் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. திருடுகிறவன் 2,700 ரூபாய் எடுக்கக் கூடாது என்று சட்டமும் இல்லை. லூக்காவின் கையில் இருந்தது நிரூபணம். அப்பாவிடம் இருந்தது பலமான சந்தேகம், அதுவும் தன் மேல். அதை வெளியே சொல்லியிருந்தால், கையில் காட்டப் பக்கம் எதுவும் இல்லாமல் அவரும் அந்த அண்ணன் நின்ற இடத்தில் போய் நின்றிருப்பார். வீட்டில் நாங்கள் நாலு பேர்.

இருந்தாலும் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. கோல் மூன்று வருடம் பேசாமல் தேடியபோது அந்த எண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. லூக்கா வரும் வரை 232 வருடம் பகா எண் என்ற தப்பான பேரோடு இருந்தது, அதனால் அதன் ஒரு இலக்கமும் வாடவில்லை. இருக்கிறது என்று தெரிவதற்கும் எடுத்துக் காட்டுவதற்கும் நடுவிலுள்ள காலம், எண்களின் உலகத்தில் வெறும் காலம். கடையில் அந்தக் காலத்துக்குள் ஒரு மனிதர் தினமும் காலையில் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

இன்னொன்றும் கவனித்தேன். “எங்கயோ தப்பிருக்குன்னா எப்படி, எங்கன்னு காட்டு” என்பது முதலாளி வழக்கமாகக் கேட்கிற கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அந்த அண்ணன் எடுத்தார் என்று நினைத்தபோது அந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. எந்த நாள், எந்தக் கடை, எவ்வளவு? யாரும் கேட்கவில்லை. சந்தேகப்படுவதற்குப் பக்க எண் வேண்டியிருக்கவில்லை. சந்தேகத்தை நீக்கத்தான் பக்க எண் வேண்டியிருந்தது. மெர்சென் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனதைத் திருத்தக் கோல் பலகை நிறையப் பெருக்க வேண்டியிருந்ததும் இப்படித்தானே.

அதனால் இப்போது நான் இப்படி நினைக்கிறேன். எண்ணைப் பற்றிய விஷயமென்றால் காரணி கிடைக்கும் வரை வாயைத் திறக்காமல் இருக்கலாம். அது அழகுகூட. ஆளைப் பற்றிய விஷயமென்றால் முதல் ஞாயிறே சொல்லிவிட வேண்டும். “எங்கேன்னு இன்னும் தெரியல. ஆனா தப்பு என் கையாவும் இருக்கலாம். தேடிட்டிருக்கேன். அதுவரைக்கும் அவரை ஒண்ணும் சொல்லாதீங்க.” அரைகுறைதான். காட்ட ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த அரைகுறையைத்தான் அன்றைக்கு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

*

இந்த இடைவெளி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எந்த எண்ணும் பகா எண்ணா இல்லையா என்பதை வேகமாகவும் நிச்சயமாகவும் சொல்லும் வழியைக் கண்டுபிடித்தார்கள். அதுவும் காரணியைச் சொல்லாது. சாதாரணக் கணினிகளில் காரணிகளை அதே மாதிரி வேகமாகக் கண்டுபிடிக்கும் வழி யாரிடமும் இல்லை. அப்படி ஒரு வழி கிடையவே கிடையாது என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்ற நம்பிக்கையை வைத்துத்தான் 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் ஆர்எஸ்ஏ என்ற பூட்டைச் செய்தார்கள். இணையத்தில் நம் ரகசியங்கள் பல அதை நம்பித்தான் போய்வந்தன. 1277 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 385 இலக்க எண் பகு எண் என்று தெரியும். நான் இதை எழுதும் வரை அதற்கு ஒரு காரணியும் கிடைக்கவில்லை. அது தன் கோலுக்காகக் காத்திருக்கிறது. பாவம் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு வலிக்காது.

கோலின் எண்ணை மட்டும் இப்போது என் மடிக்கணினி கண் இமைக்கும் நேரத்துக்குள் பிரித்துவிடுகிறது. அப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைகள் வீணா என்று கேட்டால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயந்திரங்கள் இன்றைக்கு நிறையப் பதில்களை மெர்சென் மாதிரி சொல்கின்றன, தயக்கமே இல்லாமல், எப்படி என்று சொல்லாமல். யாரையும் நம்பாமல் நாமே பெருக்கிப் பார்க்கும்படி ஒரு பதில் இருக்க முடியும் என்று கோலின் பலகை காட்டியது. அப்படிப்பட்ட பதிலைக் கேட்டு வாங்குகிற பழக்கம் போய்விடக் கூடாது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அந்த இரண்டு எண்களையும் தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். எழுபதைத் தாண்டிவிட்டார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். பெருக்குவதற்கு முன்னால் ஒன்பது போட்டுப் பார்த்தார். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37, அதைச் சுருக்கினால் 1. இரண்டாவது 64, அதுவும் 1. பெரிய எண்ணைக் கூட்டினால் 109, அதுவும் 1. ஒன்றும் ஒன்றும் பெருக்கினால் ஒன்று.

“ஒத்து வருது. ஆனா இது போதாது. இலக்கம் மாறி விழுந்திருந்தா இதுல தெரியாது” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. 24,750-ஐக் கூட்டினாலும் 18, 27,450-ஐக் கூட்டினாலும் 18.

பிறகு நோட்டை எடுத்துப் பெருக்க உட்கார்ந்தார். ஏழு மூன்று இடத்தில் வருவதால் ஒரு தடவை பெருக்கி மூன்று வரியிலும் எழுதிக்கொண்டார். முதல் தடவை நடுவில் ஓர் இலக்கம் இடித்தது. தாளைத் திருப்பி மறுபடியும் போட்டார். நாலு மணிக்கு இரண்டு விடையும் ஒன்றாக வந்தது.

“அந்த ஏழு வாரத்துல முதல் வாரமே சொல்லியிருக்கலாம்லப்பா?” என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நோட்டை மூடி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

“சொல்லியிருக்கலாம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “திருப்பூர்ல எங்கன்னு யாருக்கும் தெரியல தம்பி. ரெண்டு தடவை போய் விசாரிச்சேன்” என்றார்.

அது எனக்கு அதுவரை தெரியாது.